ஒரு போனில் இரண்டு பேர்

ஒரு புகார்கூட வரவில்லை என்று எங்கள் மேனேஜர் சொன்னது பொய். புகார் வந்தது. எழுதியவன் நான். பதில் சொல்லாமல் மூடியவர் அவர்.

கோபம் ஆறிய பிறகு இதை எழுதலாம் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன். ஆறவில்லை. அதனால் இப்படியே எழுதுகிறேன்.

எனக்கு இருபத்தாறு வயது. பட்டாபிராமில் பிறந்து வளர்ந்தவன். தினமும் ரயிலில் பட்டரவாக்கம் வந்து, அங்கிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் நடப்பேன். பழைய தொழிற்சாலை ஒன்றை இடித்துவிட்டுக் கட்டிய கண்ணாடிக் கட்டடத்தில் எங்கள் அலுவலகம். தொழிற்சாலைகளுக்கு வருகைப் பதிவு ஆப் செய்து விற்கிறோம். தொழிலாளி வேலைக்கு வந்ததும் கேட்டுக்கு அருகில் நின்று போனில் ஆப்பைத் திறக்க வேண்டும். அது அவர் முகத்தைப் படம் எடுக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் அவர் வந்ததாகப் பதிவாகும். படம் எடுத்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அது யார் முகம் என்று ஆப் பார்க்காது. பார்க்கும் என்று விற்பனைக்குப் போகிறவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

என் வேலை டெஸ்டிங். மற்றவர்கள் செய்ததில் எங்கே ஓட்டை என்று தேடுவது. என் மேஜை இழுப்பறையில் பத்துப் பன்னிரண்டு போன்கள் இருக்கும். எல்லாம் டெஸ்டிங்குக்கு வாங்கியவை. ஒன்றிலும் கீறல் கிடையாது. எதிலும் காலை வணக்கப் படங்கள் நிரம்பி இடம் தீர்ந்து போயிருக்காது. எப்போதும் முழு சார்ஜ். அந்தப் போன்களில் எல்லாமே நன்றாக ஓடும். உலகத்தில் போன் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் இருக்கும் போன் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வேலைக்குள் நுழைந்ததும் அது மறந்துவிடும்.

போனைத் திட்டுகிறவன் இல்லை நான். இளைஞர்கள் போனால் கெட்டுப்போகிறார்கள் என்று போனிலேயே நீளமாக எழுதி அனுப்பும் சொந்தக்காரர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். புதுப் போன் பெட்டியைக் கைக்குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டு பிரித்துக் காட்டும் வீடியோக்காரர்களைக் கண்டாலும் எரிச்சல்தான். எனக்குப் போன் பிடிக்கும். கேம் ரொம்பப் பிடிக்கும். நான்கு பேர் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை. காலேஜில் சேர்ந்த குழு இன்னும் கலையவில்லை. கட்டைவிரல் வழுக்காமல் இருக்க விரல் உறை, போன் சூடாகாமல் இருக்க முதுகில் மாட்டும் சின்ன ஃபேன், எல்லாம் வைத்திருக்கிறேன்.

அந்த ஃபேனைப் பற்றி அம்மாவுக்கு ஒரு கருத்து உண்டு. அம்மாவும் எஸ்டேட்டில்தான் வேலை செய்கிறார். கார் உதிரிபாகங்களைத் துடைத்து, எண்ணெய் தடவி, பெட்டியில் அடுக்கும் யூனிட். நான்தான் சம்பாதிக்கிறேனே, நீ நின்றுவிடு என்று ஒரு நாள் சொன்னேன்.

“நின்னுட்டு ஊட்ல குந்திகினு இன்னா பண்றது? உன் போனுக்கு வேர்த்தா ஃபேன் புடிக்கவா?”

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டில் இருப்பவர் அம்மாவுக்கு அக்கா மாதிரி, சொந்தம் இல்லை. நான் பெரிம்மா என்று கூப்பிடுவேன். அம்மாவை அந்த யூனிட்டில் சேர்த்துவிட்டதே அவர்தான். இருவருக்கும் ஒரே ஷிப்ட், ஒரே மேஜை. அம்மாவிடம் இருப்பது நான் ஆடித் தேய்த்த பழைய போன். பெரிம்மாவிடம் இருப்பது பட்டன் போன். எங்கள் தெருவில் இது அதிசயம் இல்லை. எதிர்வீட்டுப் பெண்ணின் பள்ளிக்கூட மெசேஜ் அம்மாவின் போனுக்குத்தான் வரும். பெரிம்மாவின் ரேஷன் கடை மெசேஜும் அதற்குத்தான். பல வீடுகளின் கேஸ் சிலிண்டர் அதில்தான் புக் ஆகும். சைக்கிள் இல்லாதவன் பக்கத்து வீட்டு சைக்கிளை எடுத்துப் போவது போலத்தான் இதுவும். யாரும் இதைத் தப்பென்று நினைத்தது கிடையாது.

யூனிட்டில் எங்கள் ஆப் வந்தபோது பெரிம்மா சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறார், என்னிடம் போன் இல்லையே என்று. அவர்தான் வழி சொல்லியிருக்கிறார். “யார் போன்லயாவது போடு. மொதல்ல அவங்க போட்டுட்டு ஆப்ல இருந்து வெளிய வரட்டும், அப்பறம் நீ உள்ள போ.” அந்த லைனில் பாதிப் பேர் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா முகத்தைக் காட்டிவிட்டு நகர்வார், பெரிம்மா வந்து முகத்தைக் காட்டுவார். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பெரிம்மாவுக்கு ஆப்பில் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்ததே நான்தான்.

பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்த அதே மாதம் அலுவலகத்தில் ஒரு மீட்டிங். ஒரு தொழிலாளிக்காக இன்னொருவர் பதிவு போட்டுவிடுகிறார், இதைத் தடுக்க வழி வேண்டும் என்று தொழிற்சாலைக்காரர்கள் கேட்டிருந்தார்கள். யாருக்கும் யோசனை வரவில்லை. நான் வாயைத் திறந்தேன். கேமில் ஏமாற்றுகிறவனின் கணக்கை முடக்கினால், அவன் அதே போனில் வேறு கணக்கில் வருவான். அதனால் கேம் கம்பெனி போனையே அடையாளம் வைத்துக்கொள்ளும், ஒரு போனில் இரண்டாவது கணக்கு நுழைந்தால் மடக்கும். நாமும் அதையே செய்யலாம் என்றேன்.

மேனேஜருக்கு முகமெல்லாம் சிரிப்பு. “பாருங்கப்பா. கேம் ஆடுறான் கேம் ஆடுறான்னு இவனைத்தான் ஓட்டிக்கிட்டிருந்தீங்க. யோசிச்சது யாரு?”

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அன்று சாயங்காலமே சோதனைக் குறிப்பையும் எழுதினேன். ஒரே போனில் இரண்டாவது ஊழியர் நுழைந்தால் அவர் கணக்கு முடங்க வேண்டும், சூப்பர்வைசர் பட்டியலில் அவர் படத்துடன் ‘போலி வருகை’ என்று வர வேண்டும். இழுப்பறையிலிருந்து ஒரு போனை எடுத்தேன். முதல் ஊழியர், இரண்டாவது ஊழியர் என்று இரண்டு கற்பனைப் பெயர்கள் போட்டேன். முடக்கியது. பச்சை விழுந்தது. பாஸ் என்று குறித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். வீட்டில் அம்மாவின் போன் சார்ஜில் கிடந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிசைன் செய்யும் பெண் இதற்கு இன்னொரு திரையும் வரைந்திருந்தார். ‘இது தவறு என்றால் இங்கே சொல்லுங்கள்’ என்று ஒரு பொத்தான். அதுவும் கேமில் இருந்து எடுத்ததுதான். நானே ஒரு முறை கேமில் முடக்கப்பட்டிருக்கிறேன், வேறு ஏதோ ஒரு ஆப்பைப் போனில் ஏற்றியிருந்ததால். நான் ஏமாற்றவில்லை என்று எழுதி அனுப்பினேன். மூன்றே நாளில் கணக்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். கூடவே ஒரு மன்னிப்புக் கடிதம், என் துப்பாக்கிக்குத் தங்கப் பூச்சு இலவசம்.

அந்தத் திரையை மேனேஜர் பார்த்தார். “இது இப்ப வேணாம். குடுத்தா எல்லாரும் இதைத்தான் அமுக்குவாங்க. அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்” என்றார். டிசைன் பெண் என்னைப் பார்த்தார். நான் பேசவில்லை.

புது வெர்ஷன் தொழிற்சாலைகளுக்குப் போன பிறகு, ஒரு திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தபோது பெரிம்மா எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஷிப்ட் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சாப்பாட்டுப் பை திறக்காமல் மடியில் இருந்தது.

“இன்னா பெரிம்மா, லீவா?”

“லீவு இல்ல நைனா. வெரட்டி வுட்டுட்டான்.”

“யாரு?”

“செவப்பா இன்னாவோ வந்துச்சு உங்கம்மா போன்ல. சூப்பர்வைசராண்ட காமிச்சா, அவன் என்னமோ என்னைப் பாத்ததே இல்லாத மாதிரி நிக்கிறான். நீ வேற யாருக்கோ பதிவு போட்டுக்கிறன்றான். நான் யாருக்குய்யா போட்டேன், தோ எதுருக்கத்தானே நிக்கிறேன்னேன். சிஸ்டம் சொல்லுதுன்றான்.”

“நான் பேசுறேன் பெரிம்மா.”

“நீ பேசு. எனக்கு இன்னா புரியல தெரியுமா? நான் வந்து எதுருல நிக்கிறேன். வரலன்னு போன் சொல்லுது. அவன் போனை நம்பறான்.”

மறுநாள் காலை என்னிடமிருந்த ஒரு போனைக் கொடுத்து அனுப்பினேன். பயன் இல்லை. முடங்கியது அவருடைய கணக்கு, எந்தப் போனில் திறந்தாலும் அதே சிவப்புத்தான் வரும். கொஞ்சம் தள்ளி இருக்கும் வேறு ஒரு யூனிட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு அங்கே போனார். அங்கேயும் எங்கள் ஆப். அவருடைய போன் எண்ணைப் போட்டதும் ‘போலி வருகை’ பட்டியல் வந்திருக்கிறது. அதற்குள் பழைய யூனிட்டில் பட்டியலை அச்செடுத்து கேட்டில் ஒட்டிவிட்டார்கள், படங்களோடு. எங்கள் தெருவிலிருந்து அந்த வழியாக வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அம்மா அந்தக் கேட்டைத் தினமும் தாண்டிப் போய் வேலை செய்தார். மேஜையில் பக்கத்து இடம் காலி. பெரிம்மாவிடம் அவர் அதிகம் பேசவில்லை, பெரிம்மாவும் அவரிடம் பேசவில்லை. பதினைந்து வருடப் பழக்கம். இப்போது நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

சப்போர்ட் பிரிவில் எனக்கு ஒரு நண்பன். திருநெல்வேலிக்காரன், ஆவடியில் ஃபிளாட் எடுத்துத் தங்கியிருக்கிறான். அவனால் எல்லாப் பதிவுகளையும் பார்க்க முடியும். பெரிம்மாவின் எண்ணைச் சொன்னேன். திறந்தான்.

“மச்சான், இங்க பாரு.”

பெரிம்மாவின் படம். பின்னால் யூனிட் கேட். ஓரத்தில் போனைப் பிடித்துக் கொடுக்கும் அம்மாவின் வளையல் கை. அந்தப் படத்துக்குக் கீழேயே ‘போலி வருகை’ என்று எழுதியிருந்தது.

“வந்து நிக்கிற ஆளையே வரலன்னு போட்டிருக்கு. என்னல ஆப் செய்யுதோம் நாம?” என்றான். பிறகு பட்டியலில் கீழே போனான். அடுத்த படம், அதற்கடுத்த படம். வெவ்வேறு முகங்கள், அதே கேட். “எல்லாம் இப்படித்தான் இருக்கும் போலுக்கு. இந்த அறிவாளி யோசனை யாரோடது?”

“என்னோடது.”

அவன் என்னைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தான். “டிக்கெட் போடு” என்றான், புகாராகப் பதிவு செய் என்று.

போட்டேன். போனைப் பகிரும் உண்மையான ஊழியர்களைப் போலி என்று முடக்குகிறது, பதிவிலேயே அவர்கள் முகம் இருக்கிறது, உடனே நிறுத்த வேண்டும். அவசரம் என்று குறித்தேன். அன்று மதியமே மேனேஜர் மூடினார். காரணம் என்ற இடத்தில் ஒரே வரி. ‘வடிவமைத்தபடியே இயங்குகிறது.’

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடும் மீட்டிங். மேனேஜர் மைக்கைப் பிடித்தார். போலி வருகையை நம் ஆப் பிடிக்கிறது, தொழிற்சாலைக்காரர்களுக்கு மகிழ்ச்சி, தப்பாக மாட்டியதாக இதுவரை ஒரு புகார்கூட வரவில்லை என்றார். எங்கே வரும்? தொழிலாளி புகார் சொல்லும் பொத்தானை எடுத்தாயிற்று. டெஸ்டிங்கில் இருந்து வந்ததை மூடியாயிற்று. பிறகு என் பெயரைக் கூப்பிட்டார். யோசனைக்குப் பரிசு, கேம் ஆடுகிறவர்கள் மாட்டும் பெரிய ஹெட்போன். எல்லோரும் கைதட்டினார்கள். நான் போய் வாங்கிக்கொண்டேன். நன்றி சார் என்று சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல்தான் முதலில் கோபம் வருகிறது.

மறுநாள் பெரிம்மா வீட்டுக்குப் போனேன். துவரம்பருப்பைத் தட்டில் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அது என் யோசனை என்று சொன்னேன். கேமைப் பற்றியும் சொன்னேன். எப்படி முடக்குவார்கள், ஏன் முடக்குவார்கள் என்று எல்லாம். அவர் பருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அந்த வெளாட்டுல மாட்டிகினவன் இன்னா பண்ணுவான்?”

“எழுதி அனுப்பலாம். நான் தப்பு பண்ணலன்னு.”

“யாருனா படிப்பாங்களா?”

“படிப்பாங்க. எனக்குத் திருப்பிக் குடுத்தாங்க.”

“பொம்மைத் துப்பாக்கி வெச்சிகினு சுடறவனுக்கு அது கீது.” ஒரு கல்லை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டார். “எண்ண தடவி அடுக்கறவளுக்கு இல்ல. நல்லா யோசிச்சிக்கிற நைனா.”

திட்டியிருந்தால் பரவாயில்லை. டீ குடிக்கிறாயா என்று கேட்டார்.

திங்கட்கிழமை மேனேஜர் அறைக்குப் போனேன். முடங்கியவர்களில் ஒருவர் என் பக்கத்து வீட்டுக்காரர், படம் இருக்கிறது, பாருங்கள் என்றேன். அவர் படத்தைப் பார்த்தார். பதறவில்லை, கோபப்படவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா, உனக்கு வேண்டியவங்கன்னு. சப்போர்ட்ல சொல்லி அவங்க ஒருத்தரோடதைத் திறந்துடறேன். நாளைக்கே வேலைக்குப் போகட்டும். இதைப் பெருசாக்காத. உனக்கும் நல்லதில்ல.”

“மத்தவங்க, சார்?”

“மத்தவங்க யாரும் கேக்கலையே.”

அன்று நான் ஏறிய ரயில் அண்ணனூரில் நீண்ட நேரம் நின்றது. எதிர் சீட்டில் நான்கு பையன்கள் அதே கேமை ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவனின் கணக்கு முடங்கிவிட்டது போல. அவன் திட்டிக்கொண்டே மேல்முறையீடு எழுதிக்கொண்டிருந்தான், மற்ற மூன்று பேரும் அதில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நான் மேனேஜர் சொன்னதைப் பற்றி யோசித்தேன். அதில் ஒரு நியாயம் இருப்பது போலவும் தெரிந்தது. பெரிம்மாவுக்கு வேலை கிடைத்தால் போதாதா? எனக்கு வேண்டியது அதுதானே?

வீட்டுக்கு வந்து அம்மாவையும் பெரிம்மாவையும் உட்காரவைத்துச் சொன்னேன். நாளைக்கே போகலாம், கணக்கைத் திறந்துவிடுவார்கள் என்றேன். அம்மாவுக்கு நிம்மதி. பெரிம்மா கேட்டார்:

“திறந்துட்டு இன்னா சொல்லுவாங்க?”

“ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வேலைக்குப் போலாம்.”

“அப்ப கேட்டுல ஒட்டிக்கிறது?”

அதைப் பற்றி நான் மேனேஜரிடம் கேட்கவே இல்லை.

“நான் நாளைக்கு உள்ள போறேன்னு வெய்யி. பக்கத்து வீட்டுப் புள்ள ஆபீஸ்ல சொல்லி உள்ள வந்துட்டா, திருட்டுப் பதிவு போட்டவள்னுதானே சொல்லுவாங்க? இவ்ளோ நாளு வேலை செஞ்சது போயிரும். அந்தப் பேப்பர்ல எங்கூட இன்னும் எத்தினி பேரு கீறாங்க. நம்ம தெரு செல்வி மருமவ கீறா, அவ யார் போன்ல போட்டா தெரியுமா, அந்த சூப்பர்வைசர் போன்லயே போட்டா.”

“அக்கா, மொதல்ல வேலைக்குப் போவியா, அப்பறம் பேசுவியா” என்றார் அம்மா.

“நீ சும்மா கெட. நீ தினம் போய்கினுதானே கீற, நீ பேசுனியா?”

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கேள்வி எனக்கும்தான்.

பிறகு பெரிம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார், “எல்லாரும் பாக்கத்தானே ஒட்டுனாங்க. தப்பு எங்களுது இல்லன்னும் எல்லாரும் பாக்கச் சொல்லட்டும். அப்பறம் வரேன்.”

அவர் இன்னும் வேலைக்குப் போகவில்லை. நாளாக ஆக அது அவருக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் சொன்னது சரி. நான் கேமில் இருந்து எதையோ எடுத்து வந்தேன், எடுத்ததில் பாதியைத்தான் எடுத்தேன். தண்டிக்கிற பாதி. ஆபீஸில் இது கொஞ்ச நாளைக்கு முன்னால் என் பெருமை. இப்போது எஸ்டேட் முழுக்க எத்தனை கேட்டுகளில் ஒட்டியிருக்கிறதோ, நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

சார், இனி நேராக உங்களிடம் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்பது நம் அலுவலக வழக்கம். வரும் வெள்ளிக்கிழமை நான் எழுந்து நிற்பேன். இது என் யோசனை, தவறான யோசனை, சோதித்துப் பாஸ் போட்டதும் நான்தான் என்று முதலில் சொல்வேன். டிசைன் செய்த பெண் அந்தத் திரையை வரைந்தார் என்பதையும் சொல்வேன். அதற்குப் பிறகு உங்கள் முறை. என் புகாரைப் படித்துவிட்டு மூடினீர்களா, படிக்காமல் மூடினீர்களா? படித்திருந்தால், வரவில்லை என்று ஏன் சொன்னீர்கள்? முடங்கியவர்களின் படங்களை, வந்து நின்ற முகங்களை, யாராவது திறந்து பார்த்தீர்களா? கேட்டுகளில் ஒட்டிய காகிதங்களைக் கிழித்துவிட்டு, அதே இடத்தில் தவறு எங்களுடையது என்று ஒட்டச் சொல்வீர்களா, மாட்டீர்களா? அறைக்குக் கூப்பிட வேண்டாம், கதவைச் சாத்த வேண்டாம், தனியாக மெசேஜ் அனுப்ப வேண்டாம். சாப்பாட்டுக் கூடத்தில், மைக்கைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.